இளக்காரமில்லா நாட்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அந்தத் தொழிற்சாலை இருக்கிறது. பெயரைச் சொன்னால் என்னையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை. கார்க் கதவுகளுக்குக் கீல் செய்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். கீலைத் தவிர அங்கே தயாராகிற இன்னொரு பொருள் விசாரணை. கீலிலாவது எப்போதாவது கழிவு விழும். விசாரணையில் விழாது. உள்ளே நுழைந்தவர் எவரும் குற்றவாளியாக முழுமை பெற்றுத்தான் வெளியே வருவார்.

வாயிலில் காவலர் கூண்டுக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு பலகை. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, அதன் கீழே எண் எழுதிய தகரத் தட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். தினமும் காலை ஷிப்ட்டுக்கு முன்னால் காவலர் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு தட்டை மாற்றுவார். அவர் பெயர் சின்னப்பையன், வயது ஐம்பத்தைந்து. கோயில் மணி அடிக்கிற பயபக்தியோடு அதைச் செய்வார். கீழே நிற்கிற தொழிலாளர்கள் கை தட்ட வேண்டும். மழை பெய்தாலும் தட்ட வேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு கோடையில் அந்த எண் ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் பிரிவில் பயிற்சித் தொழிலாளியாக இருந்த மாசானத்தின் வலக்கை மோதிர விரல் பாதியோடு போயிற்று.

மாசானம் நாங்குநேரிப் பக்கத்துப் பையன். அவன் வேலை பார்த்த இயந்திரத்தில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதில் நேரம் வீணாகிறது என்று யாரோ ஒரு பட்டனை மரச்சில்லு வைத்து அடைத்து நிரந்தரமாக அழுத்திவிட்டார்கள். அந்த யோசனைக்கு அந்த வருஷம் சிறந்த ஆலோசனைக்கான சுழற்கோப்பை கிடைத்தது. அன்றைக்கு அந்த ஆலோசனைதான் மாசானத்தின் விரல்மேல் இறங்கியது.

சூப்பர்வைசர் எழிலரசன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் வாயிலில் பதிவாகும். பதிவானால் பலகை பூஜ்யத்துக்குத் திரும்பும். தன்னுடைய பைக்கிலேயே பின்னால் உட்காரவைத்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே சீட்டில் 'அறைக் கதவிடுக்கில் நசுங்கியது' என்று எழுதச் சொன்னார். அதுவும் கதவுதானே, நம்ம கீலாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

திரும்பி வரும்போது டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா மாசானம், கோச்சுக்காதப்பா. ஆயிரத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் கீது. இப்போ ஜீரோ ஆச்சுன்னு வையி, மொதல்ல என் தலைதான் உருளும். நம்ம கேன்டீன் கீதே, அது எங்கப்பா நெல்லு போட்ட எடம். அந்த எடத்துலயே தட்டு ஏந்திக்கினு நிக்கிறேன். எனக்குப் போக வேற எடம் இல்லப்பா."

"சரிண்ணே" என்றான் மாசானம். வலியில் முகம் வெளுத்திருந்தது. "கன்பர்மேஷன் வந்துருமாண்ணே?"

"வந்துடும். நான் பாத்துக்கறேன். நீ கைய மட்டும் வெளிய எடுக்காத. பேன்ட் பாக்கெட்டுலயே வெச்சுக்க."

மாசானத்துக்கு அந்தக் கன்பர்மேஷன் ஆணைதான் எல்லாம். இரண்டு வருஷப் பயிற்சி முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. நிரந்தரம் செய்கிற ஆணை வராதவனை, வாயிலிலேயே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற முத்துச்செல்வியை அவனுக்குக் கொடுப்பதற்கு அவள் அப்பா வைத்திருந்த ஒரே நிபந்தனையும் அந்த ஆணைதான். ஆகவே அவன் கையைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாளே வேலைக்கும் வந்தான். ஸ்டோரில் உட்கார்ந்து இடக்கையால் வாஷர் பொறுக்கினான்.

ஆயிரமாவது நாள் விழா வந்தது. எல்லோருக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அடையாளமாக ஒரே ஒரு பயிற்சித் தொழிலாளிக்கு மட்டும் எம்.டி. தன் கையால் கொடுப்பார் என்று ஏற்பாடு. யாருக்குக் கொடுப்பது? மனிதவள மேலாளர் லீலா மேடம் வருகைப் பதிவைப் பார்த்தார். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவன் மாசானம். விரல் போன மறுநாளும் வந்தவன் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் மெச்சியிருப்பார்.

மேடையில் எம்.டி. டிபன் பாக்ஸை நீட்டினார். மாசானம் எழிலரசனைப் பார்த்தான். எழிலரசன் தலையை மெல்ல இடவலமாக ஆட்டினார். மாசானம் வலக்கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு இடக்கையை நீட்டி வாங்கினான். சிரிக்கச் சொன்னார்கள். வலியும் பயமும் சேர்ந்து உதடு ஒரு பக்கமாகக் கோணியது. போட்டோகிராபர் சரியாக அந்த நேரத்தில் அமுக்கினார்.

நம்மூரில் இடக்கையால் ஒரு வெற்றிலையைக்கூட வாங்க மாட்டார்கள். பிச்சைக்காரனுக்குப் போடுகிற காசையே வலக்கையால்தான் போடுவார்கள். எம்.டி. வெளிநாட்டில் படித்தவர்தான், ஆனாலும் இடக்கை இடக்கைதான். காரில் ஏறும்போது, "அந்தப் பையன் என்ன, அவ்வளவு இளக்காரமா வாங்குறான்?" என்று ஒரு வார்த்தை சொன்னார். கதவு சாத்திக்கொண்டது. நிறுவனம் நடுங்கியது.

இரண்டு நாளில் மாசானத்துக்குக் குற்றப் பத்திரிகை வந்தது. 'நிர்வாக இயக்குநர் அவர்கள் அன்புடன் வழங்கிய பொருளை வலக்கையைக் கால்சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு இடக்கையால் பெற்று, கோணலாகச் சிரித்து, நிறுவனத்தின்பால் இளக்காரம் காட்டியது' என்று அதில் இருந்தது.

"என்ன மாப்ள இது, எளக்காரமா? நீயா?" என்றான் அறைத்தோழன் அருள்பாண்டி. "நம்மளப் பாத்துல்லா எல்லாரும் எளக்காரமா பேசுவானுவ. நாம யாரல அப்படிப் பாத்தோம்?"

விசாரணைக்கு உதவியாளாக அருள்பாண்டியையே அழைத்துக்கொண்டு போனான் மாசானம். விதிப்படி உதவியாள் பேசக் கூடாது. உட்காரலாம்.

விசாரணை அதிகாரி தாண்டவராயன் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். முதல் நாளே தன்னைப் பற்றி எல்லோருக்கும் தெளிவுபடுத்திவிட்டார்.

"நான் பாரபட்சமற்றவன். நிறுவனம் அனுப்புகிற காரில் வந்து, நிறுவனத்தின் அறையில் உட்கார்ந்து, நிறுவனத்தின் காபியைக் குடித்துப் பல வருடங்களாகப் பாரபட்சமில்லாமல் அறிக்கை கொடுத்து வருகிறேன். இத்தனை விசாரணைகளில் ஒருவருக்குக்கூட நான் சலுகை காட்டி விடுவித்தது கிடையாது. சொல்லுங்கள், ஏன் இடக்கை?"

"வலக்கையில அடி சார்."

"எங்கே பட்டது?"

"இங்கதான் சார். பிரஸ்ல."

தாண்டவராயன் பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாக வாயில் பலகை தெரிந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விசாரித்தார். எழிலரசன் தன் ஷூவைப் பார்த்தபடி, "அப்டி எதுவும் நடக்கல சார்" என்றார்.

"பார்த்தீர்களா? அந்தப் பலகை நிறுவனத்தின் ஆவணம். உங்கள் கை ஆவணமா?"

"இல்ல சார், கை சார். எடுத்துக் காட்டட்டா சார்?"

"கூடாது. குற்றச்சாட்டுக்குத் தொடர்பில்லாத பொருள்களை விசாரணை அறையில் காட்டுவதற்கு அனுமதி இல்லை."

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் தாண்டவராயன் நேர்மையாளர் என்பதால் ஒரு சிக்கல் வந்தது. நிறுவனத்தின் நிலையாணைகளில் குற்றங்கள் வரிசையாக இருந்தன. திருட்டு, தூக்கம், குடி, கீழ்ப்படியாமை, சுவரில் துப்புவது வரைக்கும் இருந்தன. இளக்காரம் இல்லை. இல்லாத குற்றத்துக்கு எப்படித் தண்டிப்பது? வேறு சொல் போட்டுக்கொள்ளலாம் என்றால் லீலா மேடம் மறுத்துவிட்டார்.

"சார், எம்.டி. சொன்ன வேர்ட் அது. எம்.டி. வேர்டை நாம கரெக்ட் பண்ண முடியாது. மீனிங் வேணும்னா கண்டுபிடிச்சுக்கலாம்."

ஆகவே காஞ்சிபுரத்திலிருந்து புலவர் பாண்டுரங்கனை வரவழைத்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. அகராதிகளைத் துணிப்பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு, தோய்த்த வேட்டியில், மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார். கேன்டீன் கேசரியைத் தின்றுவிட்டுப் பேச எழுந்தார்.

"இளகு, இளக்கு என்னும் சொற்களை நோக்குக. மெழுகு இளகும். வெல்லம் இளகும். மனமும் இளகும். கெட்டியாக இருந்தது குழைவது. இந்த இளக்கத்திலிருந்தே இளக்காரம் பிறந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. முதலில் அது விட்டுக்கொடுத்தல், இடங்கொடுத்தல். பிள்ளைக்கு இளக்காரம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்கிறோமல்லவா? இடங்கொடுத்தவனை எதிராளி மதிப்பதில்லை. அதனால் நாளடைவில் அதுவே அவமதிப்பு என்றாயிற்று."

"அப்படியானால் இங்கே இடம் கொடுத்தவர் யார்?" என்றார் தாண்டவராயன்.

"நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும்."

"அதைப் பதிவு செய்யாதீர்கள்" என்று பதறினார் லீலா மேடம். "கம்பெனி யாருக்கும் இடம் கொடுக்கல. எங்க பாலிசியே அதுதான்."

புலவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு நுட்பமும் உண்டு. இச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுகள் தேடினேன். 'ஏழை என்றால் இளக்காரமா?' 'எங்களைப் பார்த்தால் இளக்காரமாக இருக்கிறதா?' எல்லாமே எளியவர்கள் கேட்பது. மேலேயிருந்து கீழே பார்ப்பதற்குத்தான் இச்சொல் பயின்று வருகிறது. கீழேயிருந்து மேலே போனதற்கு எனக்கு ஒரு சான்றுகூடக் கிட்டவில்லை."

அருள்பாண்டி முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். மாசானத்துக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதி நல்லதாகப் பட்டது.

தாண்டவராயன் சற்று யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"சான்று இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இவர்தான் முதல் சான்று. எழுதிக்கொள்ளுங்கள்."

முதல் சான்று என்றதும் நிறுவனத்துக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. எந்தத் தொழிற்பேட்டையிலும் இதுவரை யாரும் கண்டுபிடிக்காத குறைபாட்டை இங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள். உடனே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை இறக்கிவிட்டார்கள். ஷிப்ட்டு தொடங்கும்போது ஒவ்வொருவரும் சிரித்துக் காட்ட வேண்டும். வாயின் இரண்டு ஓரமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று கீலை அளக்கிற வெர்னியரை வைத்து அளந்தார்கள். பல் விழுந்தவர்களுக்கு விலக்கு உண்டு, மேலதிகாரி கையொப்பத்தோடு. டீ டம்ளரைக்கூட இரு கையாலும் வாங்கப் பயிற்சி நடந்தது. கூட்டிப் பெருக்குகிற பாப்பம்மாள் மட்டும், "தொடப்பத்தயும் ரெண்டு கையில புடிக்கணுமா, இன்னா எழவுடா இது" என்று முனகிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வாயிலில் இரண்டாவது பலகை ஏறியது. 'இளக்காரமில்லா நாட்கள்.' சின்னப்பையனுக்கு ஸ்டூலில் நிற்கிற நேரம் இரட்டிப்பானது. கைதட்டலும்தான்.

அறிக்கை வந்தது. குற்றம் ஐயமின்றி நிரூபணமானது. ஆனால் நிறுவனம் கருணையுடையது. ஆகவே மாசானம் அடுத்த பொதுக்கூட்டத்தில் மேடையேறி, இரு கைகளையும் கூப்பி மன்னிப்புக் கேட்டால், அங்கேயே எம்.டி. கையால் நிரந்தர ஆணை வழங்கப்படும். அதையும் இரு கைகளாலும் பெற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் முத்துச்செல்வியைப் பார்த்தான். நின்றபடியே பேசினார்கள்.

"கைய வெளிய எடுங்க. எங்கிட்டயுமா?" என்றாள் அவள்.

"பழகிட்டு."

அவளே மெதுவாகக் கையை எடுத்துப் பார்த்தாள். கட்டு நீங்கி, விரல் பாதியில் மொட்டையாக நின்றது. அவள் அதைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு அழுகை வந்தது. விரல் போன அன்றுகூட அழாதவன்.

"மன்னிப்பு கேட்டுட்டு வந்துருங்க" என்றாள். "தப்பு பண்ணாம மன்னிப்பு கேக்கது நமக்கு என்ன புதுசா? ஆர்டர் கைக்கு வரட்டும். எங்கப்பா வாய அடைச்சுரலாம்."

இரு கையையும் கூப்பினால் விரல் தெரிந்துவிடுமே என்ற கவலை எழிலரசனுக்கு. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அன்றைக்கு எல்லாத் தொழிலாளர்களும் வெள்ளைக் கையுறை அணிய வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். மேடைக்குப் பின்னால் மாசானத்தின் கையுறையில் காலியாகத் தொங்கிய விரலுக்குள் பஞ்சைத் திணித்து, பேனா முனையால் குத்திக் குத்தி நிமிர்த்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கப்பா" என்றார்.

"ஒங்கள ஒண்ணும் சொல்லலண்ணே."

கூட்டம் கேன்டீனில் நடந்தது. முன்வரிசையில் தாண்டவராயனும் புலவரும் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். எம்.டி. பேசினார்.

"நம்ம கம்பெனி ஒரு குடும்பம். குடும்பத்துல அப்பாவைப் பார்த்துப் பிள்ளைங்க பயப்படணும்னு நான் சொல்ல மாட்டேன். பயப்படாத பிள்ளைங்களை நாங்க எடுக்கிறதே இல்ல. இங்க யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்ல. ஏன்னா நான் உங்க ஒவ்வொருத்தரையும் என் கை மாதிரி பார்த்துக்கிறேன்."

கையுறைகள் தட்டின. சத்தமே வரவில்லை.

மாசானம் மேடையேறிக் கை கூப்பினான். பத்து விரலும் ஒழுங்காக நின்றன. பஞ்சு விரல்தான் எல்லாவற்றையும்விட விறைப்பாக நின்றது. "தெரியாம நடந்துட்டு சார், மன்னிச்சுக்கிடுங்க" என்றான். எம்.டி. நெகிழ்ந்துபோய் ஆணையைக் கொடுத்தார். இரு கையாலும் வாங்கினான். படித்துப் பார்த்தான். அவன் பெயர்தான். முத்துச்செல்வி பேக்கிங் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு அவன் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் எம்.டி.க்குப் போட்டோ தேவைப்பட்டது. மாசானம் ஆணையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டதும், அவன் வலக்கையைப் பிடித்துப் பலமாகக் குலுக்கினார். குலுக்கும்போது ஒரு விரல் மட்டும் அவர் பிடிக்குள் இளகியது. திடுக்கிட்டுக் கையை இழுத்தார். கையுறை அவரோடு வந்துவிட்டது.

அத்தனை பேரும் பார்த்தார்கள். மொட்டை விரல் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாக இருந்தது. எம்.டி. கையுறையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், லீலா மேடத்தைப் பார்த்தார். லீலா மேடம் தரையைப் பார்த்தார். பிறகு எம்.டி. போட்டோகிராபர் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இந்தக் கை தெரியாம, அந்தப் பக்கத்திலேர்ந்து எடுங்க."

மைக் அணைக்கப்படவில்லை.

மாசானம் கத்தவில்லை. களைத்துப்போன குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போலக் கேட்டான்.

"சார், எங்களப் பாத்தா ஒங்களுக்கு அவ்வளவு எளக்காரமாவா இருக்கு?"

முன்வரிசையில் புலவர் தன்னையறியாமல் எழுந்துவிட்டார். "இதுதான்! இதுதான் சரியான பிரயோகம்!" என்றார். தாண்டவராயன் சால்வையைப் பிடித்து இழுத்து அவரை உட்காரவைத்தார்.

லீலா மேடம் மேடையேறி வந்தார். முகத்தில் சிரிப்பு மாறவேயில்லை. இரண்டு ஓரமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"மாசானம், அந்த ஆர்டர்ல ஒரு சின்ன டைப்பிங் மிஸ்டேக் இருக்கு. கொடுங்க, திருத்தித் தர்றோம்."

திருத்தினால் என்ன ஆகும் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மாசானம் முத்துச்செல்வியைப் பார்த்தான். அவள் சரி என்பதுபோல் தலையை ஒருமுறை ஆட்டினாள். அவன் வலக்கையை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். இடக்கையில் ஆணையை இரண்டு விரல் நுனியால் பிடித்து, லீலா மேடத்திடம் இல்லை, எம்.டி.யிடம் நீட்டினான். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. இந்த முறை யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

எம்.டி. வாங்கிக்கொண்டார். தான் நீட்டியதும் இடக்கைதான் என்பதை அவசரத்தில் அவர் கவனிக்கவில்லை, போட்டோவில்தான் தெரிந்தது.

மறுநாள் காலை சின்னப்பையன் ஸ்டூலில் ஏறினார். இளக்காரமில்லா நாட்கள் பலகையில் எல்லாத் தட்டுகளையும் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினார். பிறகு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, விபத்தில்லா நாட்கள் பலகையில் ஒன்றைக் கூட்டினார். கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள்.